மரப் பாய்மரக்கப்பல் கிட்: சில வருடங்கள் கழித்து எது நிற்கிறது, எது விடுகிறது

கட்டி முடித்த அன்றைக்கு எல்லா மாதிரிக் கப்பலும் அழகாகத்தான் இருக்கும். நான்கைந்து வருடம் போகட்டும், அப்போது பாருங்கள். அணியத்தில் (கப்பலின் முன்பகுதி) உடலைப் போர்த்தும் மரப் பட்டைகளின் இணைப்பு மெல்லிய வரப்பாக எழும்பியிருக்கும். கயிறுகளில் நார் சிலிர்த்துத் தூசி அப்பியிருக்கும். நங்கூரத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். இவையெல்லாம் கட்டும்போது பசை, நூல், உப்புத்தாள் விஷயத்தில் எடுத்த முடிவுகளின் விளைவு. மெதுவாக வெளியே வருகின்றன, அவ்வளவுதான்.

முதல் கப்பலுக்கு கட்டர் எனும் ஒற்றைப் பாய்மரச் சிறு கப்பல் போதும். எச்.எம்.எஸ். விக்டரி மாதிரி 104 பீரங்கிக் கப்பலில் கை வைத்தால், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தே அலுத்துப் போகும். கண்ணுக்குத் தெரியும் 30 பீரங்கிகளுக்கு மட்டும் பக்கத்துக்கு ஒரு டேக்கிள் (கயிறும் கப்பியும் சேர்ந்த இழுப்புக் கட்டு), டேக்கிளுக்கு 2 கப்பி என்று போட்டாலே 120 கப்பி. அமாட்டி, அர்டெசானியா லத்தீனா போன்ற இத்தாலிய, ஸ்பானிய கிட்கள் பெரும்பாலும் இரட்டை அடுக்கு: அடியில் 1.5 மி.மீ. அளவில் லைம் மரம், மேலே மெல்லிய வால்நட். அமெரிக்காவின் மாடல் ஷிப்வேஸ் பல கிட்களில் ஒற்றை அடுக்கு பாஸ்வுட் தருகிறது. புதியவருக்கு இரட்டை அடுக்கையே சொல்வேன். முதல் அடுக்கில் விட்ட பிழையை நிரப்பித் தேய்த்து மறைக்க இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது.

பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, வரைபடத்தில் ஃபால்ஸ் கீல் என்று போட்டிருக்கும் நடு ஏராவை, அதாவது கப்பலின் முதுகெலும்பை. ஒட்டுப்பலகையில் வெட்டிய நீளத் துண்டு என்பதால் லேசாக வளைந்திருப்பது சகஜம். ஸ்டீல் ஸ்கேலை நெடுக வைத்துப் பாருங்கள். 1 மி.மீ. வளைவு இருந்தாலும் ஈரத்துணி ஒற்றி, சமதளத்தில் பாரம் வைத்து, முழுதும் காயவிட்டு நிமிர்த்துங்கள். பிறகு ஏராவில் குறுக்காக நிற்கும் சட்டங்களான பல்க்ஹெட்களுக்கு இடையில் சதுரக் கட்டைகளை இறுக்கமாகப் பொருத்தி ஒட்டினால் திரும்ப வளையாது. பட்டை ஏறிவிட்டால் அந்த முறுக்கு உள்ளேயே பூட்டிக்கொள்ளும். பாய்மரம் நட்ட பிறகுதான் கண்ணில் படும், அப்போது செய்ய ஒன்றுமில்லை.

அடுத்தது பல்க்ஹெட் ஓரங்களைச் சரித்துத் தேய்ப்பது. இந்த வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். லேசரில் வெட்டிய ஓரம் கருகியிருக்கும், அந்தக் கருப்பே நல்ல வழிகாட்டி. அணியப் பக்கத்துப் பல்க்ஹெட்களில் முன் விளிம்பு தேய வேண்டும், பின் விளிம்பில் மெல்லிய கருப்புக் கோடு மிஞ்ச வேண்டும். பின்புறப் பல்க்ஹெட்களில் இது தலைகீழ். அந்தக் கோடும் அழிந்தால் கப்பலின் வடிவமே சிறுத்துவிட்டது என்று பொருள். மெல்லிய சீவலை ஒட்டி மறுபடி தேய்க்க வேண்டும். தேய்க்கும் கட்டை ஒரே நேரத்தில் மூன்று பல்க்ஹெட்களையாவது தொடும் நீளம் இருக்கட்டும். 80 உப்புத்தாளில் தொடங்கி 120இல் முடிக்கலாம். ஒரு பட்டையை நெடுகப் பிடித்துப் பார்த்தால், எல்லா விளிம்பிலும் முழு அகலமும் படிய வேண்டும். இடைவெளியோ மேடோ தெரியக் கூடாது. அணியத்தின் முதல் இரண்டு இடைவெளிகளில் பால்சா எனும் மென்மரக் கட்டை நிரப்பித் தேய்த்துவிடுங்கள். பட்டை கடுமையாக வளையும் இடம் அது. அடியில் பிடிமானம் இல்லாவிட்டால் உள்வாங்கும்.

பட்டைகளைக் கணக்குப் போட்டே ஒட்ட வேண்டும். காகிதத் துண்டை நடுப் பல்க்ஹெட்டின் ஓரத்தோடு வளைத்து அளந்தால் 120 மி.மீ. வருகிறது என்று வையுங்கள். 5 மி.மீ. பட்டை என்றால் 24. அணியத்தில் அதே அளவு 72 மி.மீ.தான் என்றால், 24 பட்டையும் அங்கே 3 மி.மீ. ஆகக் குறுக வேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே, அதாவது 2.5க்குக் கீழே, குறுக்காதீர்கள். முனை ஆணியும் பசையும் பிடிக்காமல் பிளக்கும். அப்படி ஒரு நிலை வந்தால் ஒரு பட்டையை வழியிலேயே முடித்து, பக்கத்துப் பட்டையை அகலமாக விடுவதே முறை. பின்புறத்தில் 130 மி.மீ. வந்தால் 10 மி.மீ. இடைவெளி மிஞ்சும். அதற்கு ஸ்டீலர் எனப்படும் ஆப்பு வடிவப் பட்டை இரண்டு வேண்டும். பல கிட்களின் கையேட்டில் இந்தக் கணக்கே இருக்காது, ‘பட்டைகளை ஒட்டவும்’ என்று ஒரு வரியோடு விட்டுவிடுவார்கள். இடப்பக்கம் இரண்டு பட்டை ஒட்டினால் வலப்பக்கமும் இரண்டு. ஒரே பக்கம் ஏற்றிக்கொண்டே போனால் ஏரா இழுபட்டு வளையும்.

முன்னால் சொன்ன வரப்புக்குக் காரணம் ஈரம். ஊறிய பட்டை அகலவாக்கில் உப்பும். அந்த நிலையிலேயே ஒட்டினால், காயும்போது சுருங்கி இடைவெளி விழும்; அதை மாவுப்பசையால் (ஃபில்லர்) நிரப்பித் தேய்ப்போம்; பிறகு ஒவ்வொரு ஈரப்பத மாற்றத்துக்கும் மரம் அசைய, மாவு அசையாது. 10 அல்லது 15 நிமிடம் ஊறவைத்து, சூடு காட்டி வளைத்து, இடத்தில் கவ்விப் பிடித்துக் காயவிட்டு, அதன் பிறகே பசை தடவுங்கள். பாஸ்வுட் இதற்கு நன்றாக இணங்கும். வால்நட் முரடு, நார் பார்த்து எடுக்காவிட்டால் பிளக்கும்.

பசையில் என் கட்சி வெள்ளை மரப்பசைதான். சூப்பர் க்ளூ சட்டென்று பிடிக்கும், ஆனால் இடி பொறுக்காது. மேல் அடுக்கில் சிந்திய இடத்தில் மரச்சாயமும் ஏறாது, வார்னிஷுக்கு அடியில் வெளிறிய திட்டாக நிற்கும். மரத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கு எபாக்சி. கயிறு மாட்டும் கண்ணி ஆணிகளைத் துளையில் பசையோடு செருகினால் மட்டும் போதாது. முடிந்த இடத்தில் வாலை உட்புறம் மடித்து விடுங்கள். வருடக்கணக்கில் கயிறு இழுத்துக்கொண்டே இருக்கும்.

மேல்தளத்தில் பெரிய சிக்கல் இல்லை. 1:64 அளவில் 4 மி.மீ. பட்டை நிஜத்தில் 10 அங்குலம், 95 மி.மீ. நீளம் நிஜத்தில் 20 அடி. பலகை இடுக்கை அடைத்தது போலத் தெரியும் கலபத்துக் கோட்டுக்குப் பட்டையின் ஒரு ஓரத்தில் பென்சில் தேய்த்தால் போதும். மார்க்கர் மை நாரோடு ஊறிப் பரவும்.

கயிற்று வேலையில் நிறையப் பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பழைய அட்டவணைகள் கயிற்றின் சுற்றளவைச் சொல்கின்றன, விட்டத்தை அல்ல. 12 அங்குலக் கயிறு என்றால் விட்டம் சுமார் 97 மி.மீ., 1:64இல் 1.5 மி.மீ. இதை விட்டம் என்று எடுத்துக்கொண்டால் கயிறு மூன்று மடங்கு தடித்துவிடும். கிட்டில் பருத்தி நூல் வந்தால் ஒதுக்கிவிட்டு, நல்ல பாலியெஸ்டர் நூலை வாங்குங்கள். செலவு செய்யத் தகுந்த முதல் மாற்றம் இதுதான். பருத்தியில் நார் சிலிர்க்கும், ஈரப்பதத்துக்கு ஏற்ப இறுகித் தளரும். தேன்மெழுகு தேய்த்தால் நார் படியும், ஆனால் அதிகமானால் தூசி ஒட்டும்.

பாய்மரத்தை இருபக்கமும் தாங்கும் ஷ்ரவுட் கயிறுகளை வலப்பக்க முன்ஜோடியில் தொடங்கி, அடுத்து இடப்பக்க முன்ஜோடி என்று மாற்றி மாற்றிப் பாய்மரத்தில் மாட்டுங்கள். ஷ்ரவுட்களை இறுக்கும் மூன்று துளை வட்டக் கட்டைகளான டெட்-ஐக்களைக் கம்பியை வளைத்துச் செய்த ஒரே அளவுக் கொக்கியில் பிடித்துக் கட்டினால் மேல் வரிசை நேராக நிற்கும். ஏணிப்படி போன்ற ரேட்லைன்களுக்கு 1:64இல் சுமார் 5 மி.மீ. இடைவெளி. கோடு போட்ட அட்டையைப் பின்னால் வைத்துக் கட்டலாம். நடுக் கயிறுகளில் க்ளோவ் ஹிட்ச் முடிச்சு. இறுக்கி இழுத்தால் வெளி ஷ்ரவுட்கள் இடுப்பு சிறுத்தது போல உள்வாங்கும். ஒவ்வொரு நான்கு வரிசைக்கும் எட்ட நின்று பாருங்கள். முடிச்சில் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையே போதும். சூப்பர் க்ளூ கருப்பு நூலில் பளபளக்கும், நூலையும் மொறமொறப்பாக்கி ஒடிய வைக்கும்.

கடைசியாக அந்த வெள்ளைப் பொடி. ஈயம் கலந்த வார்ப்புகள் அசெட்டிக் அமில ஆவியில் அரிக்கும். ஆவி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, ஓக் மரமும் சில ஒட்டுப்பலகைகளும் வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் பசையும் அதை மூடிய பெட்டிக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். பெயின்ட் அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. ஈய வார்ப்பு இருந்தால் பித்தளையிலோ ரெசினிலோ மாற்றுவது உத்தமம். கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டிலும் மேல் விளிம்பிலும் சிறு துளைகள் விட்டு, தூசி வராமல் மெல்லிய வலைத்துணி ஒட்டுங்கள். ஜன்னல் வெயில் படும் சுவரோரம் வேண்டாம், வால்நட் சில வருடத்தில் அங்கே வெளுத்துப் போகும்.