பெல்லட் அடுப்புக்கு எந்தப் பெல்லட்? பல குளிர்காலங்கள் எரித்துப் பார்த்த பிறகு

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்யும் சின்ன உருளை வடிவ எரிபொருள். அதை எரிக்கும் அடுப்பு வாங்க நினைக்கிறவர்கள் அடுப்பைப் பற்றித்தான் நுணுக்கி நுணுக்கி விசாரிக்கிறார்கள். எத்தனை கிலோவாட், சத்தம் எவ்வளவு வரும், கைப்பேசியிலிருந்து இயக்கலாமா, கண்ணாடி கறுக்குமா என்று கேள்வி மேல் கேள்வி. அதில் என்ன பெல்லட் போடுவது என்று கேட்கிறவர்கள் குறைவு. பல குளிர்காலங்களாக வீட்டை இந்த அடுப்பை வைத்துத்தான் சூடாக்குகிறேன். ஊசியிலை மரம், கடின மரம், இரண்டும் கலந்தது, தரமுத்திரை உள்ளது, எந்த முத்திரையும் இல்லாதது என்று வகைவகையாக எரித்துப் பார்த்தாகிவிட்டது. அதே அடுப்பு ஒரு பெல்லட்டில் நாள் முழுக்கத் தொந்தரவில்லாமல் எரியும், இன்னொன்றில் நடுராத்திரி அணைந்து திரையில் பிழைக்குறியைக் காட்டிக்கொண்டு நிற்கும். வாங்கும்போது மூட்டையில் போட்டிருக்கும் வெப்ப மதிப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சாம்பலையும் தூளையும் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஏன் என்றால் வெப்ப மதிப்பில் பெரிய வித்தியாசமே கிடையாது. காய்ந்த மரம் எந்த மரமாக இருந்தாலும் கிலோவுக்குக் கிட்டத்தட்ட ஒரே அளவு வெப்பம்தான் தரும். ஐரோப்பியத் தரமுத்திரையான இஎன்பிளஸ்ஸில் மிக உயர்ந்த வகையான ஏ1-க்குக் குறைந்தபட்சம் கிலோவுக்கு 4.6 கிலோவாட் மணி இருக்க வேண்டும், மிக நல்லது என்று சொல்லப்படுவது 5-ஐ ஒட்டி வரும். அதாவது மட்டமானதற்கும் உயர்ந்ததற்கும் இடையே பத்து சதவீதத்துக்குள்தான். சாம்பல் அப்படியில்லை. பட்டை நீக்கிய நல்ல ஊசியிலை மரத்தூளில் செய்தது 0.3 சதவீதம் சாம்பல் விடும், பட்டையும் மண்ணும் கலந்தது 2 சதவீதம் வரை விடும். ஒரு டன் எரித்தால் முதலாவதில் 3 கிலோ சாம்பல், இரண்டாவதில் 20 கிலோ. கூடுதலாக வரும் அந்த 17 கிலோவும் பெல்லட் விழுந்து எரியும் கிண்ணத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும், வெப்பம் கடத்தும் குழாய்களின் மேல் படிந்தாக வேண்டும், புகைபோக்கியின் வளைவுகளில் தேங்கியாக வேண்டும். குழாய்களின் மேல் சாம்பல் படிந்தால் அறைக்கு வர வேண்டிய வெப்பம் புகையோடு வெளியே போய்விடும். மூட்டையில் போட்டிருக்கும் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் பயன் இல்லை.

சாம்பலின் அளவைவிடத் தொந்தரவு அது உருகுவது. எரியும் கிண்ணத்தில் காற்று வருவதற்குச் சின்னச் சின்ன துளைகள் இருக்கின்றன இல்லையா, நல்ல பெல்லட்டின் சாம்பல் பொடியாக, வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கும், காற்றிலேயே பறந்து கீழே விழுந்துவிடும். மட்டமான பெல்லட்டின் சாம்பல் உருகி, கண்ணாடி இறுகியது போலக் கட்டியாகிக் கிண்ணத்தின் அடியில் ஒட்டிக்கொள்ளும், இதைத்தான் கிளிங்கர் என்கிறார்கள். பட்டையில் ஒட்டி வந்த மணல், மரத்தை இழுத்து வரும்போது சேர்ந்த மண், அப்புறம் பொட்டாசியம் அதிகமாக இருக்கும் மூலப்பொருள், இவை சேரும்போது சாம்பல் உருகும் வெப்பநிலை இறங்கிவிடும். ஏ1 வகைக்கு 1200 டிகிரி செல்சியஸ் வரை சாம்பல் உருக்குலையக் கூடாது என்று விதி வைத்திருப்பது இதற்காகத்தான். கட்டி உட்கார்ந்துவிட்டால் காற்றுத் துளைகள் அடைபடும், தீ சுறுசுறுப்பாக மேலே போகாமல் ஆரஞ்சு நிறத்தில் சோம்பலாக ஆடும், கண்ணாடி சில மணி நேரத்திலேயே கறுக்கும், மறுநாள் பற்றவைக்கும்போது சூடான காற்று வரும் துளையும் அடைந்திருப்பதால் பெல்லட் பற்றாமல் குவிந்துகொண்டே போகும். அப்படிக் குவிந்ததை எடுக்காமல் மறுபடியும் பற்றவைக்க முயலவே கூடாது, அடர்ந்த புகை கூடி திடீரெனப் பற்றிக்கொண்டால் கதவின் கண்ணாடியே தெறிக்கலாம். வைக்கோல், சூரியகாந்தி உமி போன்றவற்றில் செய்யும் பெல்லட்டுகளும் கிடைக்கின்றன. அதற்கென்றே வடிவமைத்த கொதிகலன்களில் அவை நன்றாக எரியும். வீட்டு அடுப்பில் நான் எரித்துப் பார்த்தவரை தினமும் கிண்ணத்தைச் சுரண்டுவதே வேலையாகிவிடும், வேண்டாம்.

தரமுத்திரை பற்றி. இஎன்பிளஸ் 2010-இல் தொடங்கியது, பெல்லட்டுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 17225-2 முதலில் 2014-இல் வந்தது, இரண்டும் ஒட்டியே போகின்றன. ஏ1-இல் சாம்பல் 0.7 சதவீதத்துக்கு மேல் கூடாது, ஏ2-இல் 1.2, பி வகையில் 2. ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டு அடுப்புக்கு ஏ1 மட்டும்தான் என்று பெரும்பாலான அடுப்புக் கையேடுகளே சொல்கின்றன, உத்தரவாதமும் அதைப் பொறுத்துத்தான் இருக்கும், கையேட்டைப் படித்துவிடுங்கள். அமெரிக்காவில் பெல்லட் எரிபொருள் நிறுவனத்தின் (பிஎஃப்ஐ) முத்திரை. அதில் பிரீமியம் வகைக்குச் சாம்பல் 1 சதவீதம், ஈரப்பதம் 8 சதவீதம் உச்சவரம்பு. இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். பிஎஃப்ஐ முத்திரையோடு வரும் "பிரீமியம்" என்ற சொல்லுக்குத்தான் அந்த அர்த்தம், முத்திரை எதுவும் இல்லாமல் மூட்டையில் பெரிதாகப் பிரீமியம் என்று அச்சடித்திருந்தால் அது வெறும் விளம்பரம். இஎன்பிளஸ் முத்திரையின் கீழே நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எண் இல்லாத முத்திரையை நம்ப வேண்டாம், போலி முத்திரைகள் உண்டு. எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் தேடினால் அந்த நிறுவனம் உண்மையில் சான்று பெற்றதா என்று தெரிந்துவிடும், ஒரு நிமிட வேலை.

முத்திரை இருந்தாலும் மூட்டையைக் கையில் எடுத்துப் பார்ப்பதை நான் விடுவதில்லை. முதலில் மூட்டையின் அடி மூலை. அங்கே தூள் திரண்டு தெரிந்தால் அந்தப் பெல்லட் உறுதியாக இல்லை, அல்லது வழியில் தூக்கிப் போட்டுப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். சிறு மூட்டைகளில் ஆலையை விட்டு வரும்போது தூள் அரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இஎன்பிளஸ் விதி, 15 கிலோ மூட்டைக்குக் கணக்குப் போட்டால் 75 கிராம். மூட்டையைச் சல்லடையில் கொட்டித் தூளை எடை போட்டுப் பார்க்கலாம், போக்குவரத்தில் கொஞ்சம் கூடும், ஆனால் பல மடங்கு இருந்தால் அந்தச் சரக்கு வேண்டாம். தூள் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால் அது பெல்லட்டைக் கொட்டி வைக்கும் தொட்டியான ஹாப்பரின் அடியில் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும், வெளியே எதுவும் தெரியாது, ஹாப்பர் காலியாகும் நேரத்தில் மொத்தமாக, பெல்லட்டைத் தீக்குத் தள்ளிக் கொண்டுபோகும் திருகுக் குழாய்க்குள் இறங்கும், அப்போது தீ ஒரேயடியாகக் கொழுந்துவிட்டு எரியும் அல்லது மூச்சுத் திணறி அணையும். எந்தப் பெல்லட் போட்டாலும் சில மூட்டைகளுக்கு ஒருமுறை, அடுப்பு ஆறிய பிறகு, ஹாப்பரைக் காலி செய்து உறிஞ்சி எடுத்துவிடுவது நல்லது.

அடுத்தது நீளம். விதிப்படி 40 மில்லிமீட்டர் வரை போகலாம், விட்டம் வீட்டு அடுப்புக்கு 6 மில்லிமீட்டர்தான். நீளமானவை நிறைய இருந்தால் திருகின் வாயில் குறுக்கே விழுந்து பாலம் கட்டிக்கொள்ளும், ஹாப்பரில் பெல்லட் நிறைய இருந்தும் அடுப்புக்கு எதுவும் போகாது. மேற்பரப்பு வழவழப்பாக, லேசான பளபளப்போடு இருந்தால் நல்ல அழுத்தத்தில் செய்தது, நீளவாக்கில் வெடிப்புகள் ஓடியிருந்தால் உடையப்போகிறது என்று அர்த்தம். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதும் உதவும். நல்ல பெல்லட் மூழ்கும், சில நிமிடங்களில் உப்பி வெறும் மரத்தூளாகப் பிரிந்துவிடும், ஏனென்றால் அதைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் மரத்திலேயே இருக்கும் லிக்னின்தான், ஆலையின் அழுத்தத்திலும் சூட்டிலும் இளகி ஒட்டிக்கொள்கிறது. மிதந்தால் அடர்த்தி போதவில்லை. வெகுநேரம் ஊறியும் பிரியவே இல்லை என்றால் அதில் வேறு ஏதோ ஒட்டுப்பொருள் இருக்கிறதா என்று சந்தேகப்படலாம். வெள்ளை, நீலம் என்று சின்னச் சின்ன நிறப் புள்ளிகளோ ரசாயன நெடியோ இருந்தால் பெயின்ட் அடித்த பழைய மரம் கலந்திருக்கலாம், அதைத் தொடவே வேண்டாம், அதிலிருந்து வரும் குளோரின் அடுப்பின் உலோகத்தை அரிக்கும்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வெளிறிய பெல்லட்தான் நல்லது என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக இருக்கிறது. கறுப்பாக இருப்பது பட்டையாலும் இருக்கலாம், மரத்தின் இயல்பான நிறமாகவும் இருக்கலாம், உலர்த்திய சூட்டாலும் இருக்கலாம். நான் எரித்ததில் பழுப்பு நிறத்தில் இருந்த ஒன்று சாம்பலே விடாமல் எரிந்தது, பால் போல வெளுத்த ஒன்று கிண்ணத்தை அடைத்தது.

மரவகைச் சண்டையும் ஓயாது. கடின மரம் விறகாக எரியும்போது நீண்ட நேரம் நிற்கும், அது உண்மை, ஏனென்றால் கன அளவுக்கு எடை அதிகம். ஆனால் பெல்லட் ஆக்கும்போது எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே அடர்த்திக்கு அழுத்தப்படுகிறது, அந்த அனுகூலம் அங்கேயே போய்விடுகிறது. மாறாக, பைன், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்களில் லிக்னினும் பிசினும் கூடுதல், அதனால் கிலோவுக்கு வெப்பம் சற்றே அதிகம், சாம்பலும் பொதுவாகக் குறைவு. பிசின் புகைக்குழாயை அடைக்கும் என்று பயப்படுகிறவர்கள் ஈர விறகின் அனுபவத்தை வைத்துப் பேசுகிறார்கள், காய்ந்த பெல்லட் மின்விசிறிக் காற்றில் எரியும்போது பிசினும் சேர்ந்து எரிந்துவிடும். எனக்கு ஊசியிலைதான் பிடித்திருக்கிறது, ஆனாலும் நன்றாகச் செய்த கலப்பு பெல்லட் மோசமாகச் செய்த ஊசியிலை பெல்லட்டைவிட எவ்வளவோ மேல்.

பெல்லட்டை மாற்றும்போது நிறைய பேருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அடுப்பு எடை பார்த்துப் போடுவதில்லை, திருகு இத்தனை நொடி சுற்று, இத்தனை நொடி நில் என்று கன அளவில்தான் போடுகிறது. ஒரு கன மீட்டர் பெல்லட் 600 கிலோவும் இருக்கலாம், 750 கிலோவும் இருக்கலாம், இரண்டுமே விதிக்குள்தான். அப்படியானால் அமைப்பை மாற்றாமல் பெல்லட்டை மட்டும் மாற்றினால், அதே சுற்றில் கால்பங்கு வரை எரிபொருள் கூடவோ குறையவோ போகும். குட்டைக் குட்டையாக இருப்பது நெருக்கமாக அடைந்து அதிகம் விழும், காற்று பழைய அளவிலேயே இருப்பதால் தீ கறுக்கும். அப்போது பெல்லட் மோசம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், உண்மையில் ஊட்டும் அளவைக் கொஞ்சம் குறைத்தாலோ காற்றைக் கூட்டினாலோ சரியாகிவிடும். சில அடுப்புகளில் பயனரே மாற்றலாம், சிலவற்றில் பராமரிப்பவர்தான் மாற்ற முடியும். மாற்றிய பிறகும் சரியாகவில்லை என்றால் பெல்லட்டைக் குறை சொல்லுங்கள்.

அதனால் மொத்தமாக வாங்கும் முன் சில மூட்டைகள் வாங்கி எரித்துப் பார்ப்பதுதான் என் வழக்கம். அடுப்பை முழுக்கச் சுத்தம் செய்து, ஹாப்பரைக் காலி செய்து, ஒரே சக்தி நிலையில் எரித்து, ஆறிய பிறகு சாம்பலை எடை போடுவேன். கண்ணாடியில் படிவது வெளிர் சாம்பல் நிறப் பொடியா, துடைத்தாலும் போகாத கறுப்பா என்று பார்ப்பேன். கிண்ணத்தின் அடியை விரலால் தடவினால் பொடிதான் வருகிறதா, கட்டி இருக்கிறதா என்று தெரியும். இவ்வளவு போதும். இதில் தேறியதை, கூடுமானால் அதே தயாரிப்புத் தொகுதி எண்ணில், அந்தப் பருவத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் எடுத்துவிடுவேன். ஒரு விற்பனையாளர் முதலில் தந்ததும் பிறகு தந்ததும் ஒரே பெயர், ஒரே மூட்டை, எரிந்த விதம் மட்டும் அடியோடு வேறு. கேட்டால் "ஒரே சரக்குதான்" என்றார், தொகுதி எண்களோ வேறு வேறாக இருந்தன. அது எனக்கு மிகவும் கோபமூட்டிய அனுபவம், குளிர் உச்சத்தில் இருக்கும்போது வீட்டில் சிறு குழந்தையோ வயதானவரோ இருந்தால் அணைந்து போகும் அடுப்பு சாதாரண விஷயம் இல்லை.

சேமிப்பு பற்றிச் சுருக்கமாக. மூட்டையை வெறும் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள், பிளாஸ்டிக் உறைதானே என்று வெளியில் போடாதீர்கள், உறையில் நுண்துளைகள் இருக்கும். நனைந்த பெல்லட்டைக் காயவைத்துப் பயன்படுத்த முடியாது, ஒருமுறை உப்பினால் உப்பியதுதான். இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: பெல்லட் எரியாமல் சும்மா இருக்கும்போதே கார்பன் மோனாக்சைடை வெளியிடும், மரத்தில் உள்ள கொழுப்பு அமிலங்கள் காற்றோடு வினைபுரிவதால். புதிதாகச் செய்ததில் அதிகம். மொத்தமாகக் கொட்டி வைத்த மூடிய அறைகளுக்குள் இறங்கி இறந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கிடங்கு வைத்திருப்பவர்கள் காற்றோட்டம் இல்லாமல் உள்ளே போகவே கூடாது. மூட்டைகளாக வைத்திருந்தாலும் அடைத்த சின்ன அறையிலோ படுக்கையறையிலோ அடுக்க வேண்டாம், அடுப்பு இருக்கும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்கட்டும். அள்ளிய சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில்தான் போட வேண்டும், உள்ளே கனல் மறுநாள்கூட இருக்கும், வீட்டு வாக்குவம் கிளீனரால் அதை உறிஞ்சாதீர்கள்.

குளிர்காலம் முடிந்ததும் ஹாப்பரில் மிச்சம் இருப்பதை அப்படியே விட்டுவிடாமல் எரித்துத் தீர்த்துவிடுங்கள், திருகுக் குழாய்க்குள் இருப்பதும் சேர்த்து. மாதக்கணக்கில் கிடந்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்து உப்பி இறுகிவிடும், அடுத்த பருவத்தில் முதல் தடவை போடும்போது திருகு அசையாது, மோட்டாரைக் கழற்ற வேண்டிவரும்.