மவுஸா, டெர்மினலா? படங்களைப் பிரிக்க எது வசதி

மண்டபம், பாம்பன் பக்கம் கல்யாண போட்டோ எடுக்கும் தம்பிகளுக்கு: கம்ப்யூட்டரில் உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்டாச்சு, சரி. கலந்து கிடக்கும் படத்தையும் வீடியோவையும் எதில் பிரிப்பது?

பத்து இருபது என்றால் ஃபைல் மேனேஜரே போதும். முகம் பார்த்துப் பொறுக்கலாம்.

ஆயிரக்கணக்கில் என்றால், கட்டளையை டைப் செய்யும் ஜன்னலான டெர்மினல்தான். ஃபோல்டருக்குள் வலது கிளிக் செய்து அங்கேயே டெர்மினலைத் திறங்கள். நகர்த்தும் கட்டளையான ‘எம்வி’, ‘ஹைஃபன் ஐ’, ‘நட்சத்திரக்குறி புள்ளி ஜேபிஜி’, கடைசியில் ஏற்கெனவே உருவாக்கிய ஃபோல்டரின் பெயர். இந்த நான்குக்கும் நடுவில் இடைவெளி விட்டு அடித்தால் படமெல்லாம் ஒரே வரியில் நகர்ந்துவிடும். கேமரா அந்த ‘ஜேபிஜி’யைப் பெரிய ஆங்கில எழுத்தில் வைத்திருந்தால் அப்படியே அடிக்கணும். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு. அந்த ‘ஐ’யை விட்டுவிடாதீர்கள். அங்கே அதே பெயரில் வேறு படம் இருந்தால் கேட்டுவிட்டுத்தான் மேலெழுதும். இல்லாவிட்டால் ஒரு வீட்டின் தாலிகட்டுப் படமே சத்தமில்லாமல் போய்விடலாம்.

அழிக்கிற வேலைக்கு மட்டும் மவுஸ்தான் என் பரிந்துரை. டெர்மினலின் அழிக்கும் கட்டளையான ‘ஆர்எம்’ அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது.