டெண்டர் விடுவதா, நாமே சின்னக் குழுவாகச் செய்வதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு அரசு இணையச் சேவை இரண்டைச் செய்து பார்த்தாயிற்று. முதலாவது டெண்டர்: தேவைகளைத் தடித்த கோப்பாக எழுதிக் கொடுத்து, ஒரு வருடம் கழித்து மொத்தமாக வாங்கினோம். இரண்டாவது, இலாகாவுக்குள்ளேயே ஐந்து பேர். அதில் ஒருவர், மக்கள் வந்து நிற்கும் முகப்பில் பத்து வருடம் உட்கார்ந்தவர்.

டெண்டரில் செலவு முன்பே தெரியும், தணிக்கைக்கும் வசதி. சின்னக் குழுவில் முதல் மாதம் மேலதிகாரியிடம் காட்ட ஒன்றும் இருக்காது. சரி, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என்னைச் சாய்த்தது பராமரிப்பு. டெண்டர் சேவையைத் திறந்த வாரமே தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்து நின்றார். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், உள்ளபடி பெயரைத் தட்டினால் சிவப்பில் 'தவறான எழுத்து'. நம் பெயர்களில் மகள், மகன் என்பதற்கு மலாய்ச் சுருக்கமாக வரும் ஏ/பி, ஏ/எல் சாய்கோட்டை இணையப் படிவம் ஏற்கவில்லை. அதை விட்டுவிட்டுப் போட்டாலோ பெயர் ஐசியோடு ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வருகிறது. கோப்பில் 'எழுத்துகள் மட்டும்' என்று போட்டதே நாங்கள்தான், குத்தகையாளரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு கோட்டுக்குத் தனிக் கடிதம், தனி விலை, இரண்டு கூட்டம், நாலு மாதம்.

இரண்டாவது முறை, பாதி கட்டியதை ஃபோனில் எடுத்துக்கொண்டு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கே போனோம். ஒரு தாத்தாவின் ஓடிபி ஜொகூர் பாருவில் இருக்கும் மகனின் ஃபோனுக்குப் போகிறது, மகனோ வேலை நேரத்தில் ஃபோனை எடுப்பதில்லை. முகப்பில் ஐசியைக் காட்டினாலே போதும் என்ற வழியை அந்த வாரமே சேர்த்தோம். கடிதமும் இல்லை, கூட்டமும் இல்லை.

பிரிட்டனில் 2011-இல் தொடங்கிய அரசு டிஜிட்டல் சேவைப் பிரிவு, வேலையைத் தேடல் (மக்களின் தேவையை அறிவது), ஆல்ஃபா (மாதிரி கட்டிப் பார்ப்பது), பீட்டா (மக்களிடம் கொடுத்துச் சோதிப்பது), நேரலை (முழுதாகத் திறப்பது) என்று கட்டம் கட்டமாகப் பிரிப்பதன் அருமை அன்றுதான் புரிந்தது. ஆல்ஃபாவில் கட்டியதை வெட்கமில்லாமல் தூக்கி எறியலாம். நேரலைக்கு வந்த பிறகும் திருத்த ஆள் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

வருமான வரி மாதிரி நாடு முழுக்க ஓடும் சேவைக்கு ஐந்து பேர் போதுமா என்றால், அந்த அளவில் நான் வேலை பார்த்ததில்லை. சின்னக் குழுவிலும் ஆபத்து உண்டு: நிரல் எழுதிய பையன் நல்ல சம்பளத்துக்குச் சிங்கப்பூர் போனபோது மூன்று வாரம் ஒன்றும் நகரவில்லை. அப்புறம்தான், யார் எழுதினாலும் இன்னொருவர் படித்துப் புரிந்துகொள்ளாமல் எந்த நிரலையும் சேவையில் ஏற்றுவதில்லை என்று வைத்தோம்.