கார்டைக் கழற்றுவதற்கு முன்: வீட்டுக் கணினியின் நெட்வொர்க் கோளாறுகளோடு ஒன்பது ஆண்டுகள்

2016 ஆகஸ்ட் மாதம் பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டிய மேசைக் கணினி ஒன்று எங்கள் வீட்டில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வாங்கிய நாளிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டில், எந்தக் கோளாறு வந்தாலும் தேதி, அறிகுறி, நான் செய்தது, எதனால் சரியானது ஆகியவற்றை நான்கு வரிகளில் எழுதி வருகிறேன். அந்த நோட்டில் இணையம் நின்றுபோனது குறித்து மட்டும் 23 பதிவுகள் இருக்கின்றன. ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் வீட்டிலோ, கடையிலோ, இணைப்பைப் பார்க்க வந்தவரிடமோ முதலில் எழுந்த பேச்சு "நெட்வொர்க் கார்டு போயிருக்கும்" என்பதுதான். ஆனால் கணினியைக் கேபிள் வழியாக இணையத்தோடு இணைக்கும் அந்தக் கார்டு உண்மையாகவே பழுதானது ஒரே ஒரு முறை. மற்றவை கேபிளிலும், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரிலும் மின்சேமிப்பு அமைப்பிலும் மோடத்திலும் இருந்த குறைகள். தேவையின்றிக் கார்டையும் சில வேளைகளில் மதர்போர்டையுமே மாற்றிப் பணத்தை இழந்தவர்களை அறிந்திருப்பதால், என் அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உண்மையில் பழுதான அந்த நிகழ்விலிருந்தே தொடங்குகிறேன். 2018 அக்டோபரில் ஒரு மாலை இடி மின்னலோடு மழை பெய்தது. அப்போது எங்கள் இணையம் தொலைபேசிச் செம்புக் கம்பி வழியாக வந்துகொண்டிருந்தது. மழை விட்ட பிறகு கணினி வழக்கம்போல எழுந்தது, ஆனால் இணையம் இல்லை. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் நெட்வொர்க் கார்டு எந்த மஞ்சள் எச்சரிக்கைக் குறியும் இல்லாமல், சரியாக வேலை செய்வதாகவே காட்டியது. ஆனால் இணைப்பு நிலையோ "கேபிள் செருகப்படவில்லை" என்றது. கேபிளை மாற்றினேன், மோடத்தில் வேறு துளையில் செருகினேன், அதே கேபிளை மடிக்கணினியில் செருகிப் பார்த்தேன். மடிக்கணினியில் உடனே விளக்கு எரிந்தது. என் கணினியின் துளையில் மட்டும் இரண்டு சிறு விளக்குகளும் இருண்டே கிடந்தன.

மென்பொருள் மீது எஞ்சியிருந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள, விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கக்கூடிய லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை இயக்கினேன். அங்கும் அதே நிலைதான். முற்றிலும் வேறான இயங்குதளத்திலும் வேறான டிரைவரிலும் அதே அறிகுறி தொடர்ந்தால், பழுது வன்பொருளில் இருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம். ஒன்றரை மணி நேரம் பிடித்தாலும், இந்தச் சோதனையைப் போல மனத்தை அமைதிப்படுத்துவது வேறொன்றில்லை.

டிவைஸ் மேனேஜர் ஏன் கார்டு நலமாக இருப்பதாகச் சொன்னது என்பதைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன். நெட்வொர்க் கார்டின் வேலை இரண்டு பகுதிகளாக நடக்கிறது. கணினியோடு பேசும் பகுதி ஒன்று, கம்பியில் மின்குறிகளை அனுப்பிப் பெறும் பகுதி மற்றொன்று. கம்பிக்கும் சிப்புக்கும் இடையே சிறு மின்மாற்றிகள் தடுப்பாக நிற்கின்றன. ஈத்தர்நெட் தரவிதி அந்தத் தடுப்பு 1500 வோல்ட்டைத் தாங்க வேண்டும் என்கிறது. மின்னல் தூண்டும் அழுத்தம் அதையும் மீறிவிடக்கூடும். அப்போது கம்பிப் பக்கம் மாண்டு, கணினிப் பக்கம் மட்டும் உயிரோடு இருந்து, கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். என் கணினிக்கு நேர்ந்தது அதுதான் என்று கருதுகிறேன்.

கடையில் மதர்போர்டை மாற்றச் சொன்னார்கள். அது தேவையே இல்லை. மதர்போர்டில் காலியாக இருந்த சிறிய பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையில் செருகக்கூடிய தனி நெட்வொர்க் கார்டு சில நூறு ரூபாய்க்கே கிடைத்தது. கணினி எழும்போதே திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸில் நுழைந்து மதர்போர்டிலேயே பொதிந்திருந்த பழைய கார்டை முடக்கிவிட்டு, புதியதைச் செருகித் திருகை முடுக்கினேன். திருகை முடுக்காமல் விட்டால் கேபிளை இழுக்கும்போதெல்லாம் கார்டு துளையில் சரிந்து தொடர்பு விட்டுவிடும். மதர்போர்டில் பழையபடி இருக்கும் துளையில் யாரும் தவறிக் கேபிளைச் செருகிவிடக் கூடாதென்று அதன்மேல் ஒரு டேப் ஒட்டினேன். இன்றும் அது இருக்கிறது.

இதே வேலையைச் சித்தப்பா வீட்டில் செய்தபோது வேறொரு சிக்கல் வந்தது. அங்கே ரவுட்டர் இல்லை. உள்ளூர் இணைப்பாளரின் கேபிள் நேராகக் கணினிக்கே வந்தது. புதிய கார்டில் விளக்குகள் எரிந்தும் இணையம் வரவில்லை. ஒவ்வொரு கார்டுக்கும் 12 இலக்கங்களில் எழுதப்படும் மேக் முகவரி என்ற தனி அடையாளம் ஒன்று உண்டு. இணைப்பாளர் பழைய கார்டின் மேக் முகவரியையே தம் பதிவில் வைத்திருந்தார். தொலைபேசியில் புதிய முகவரியைச் சொன்னதும் சில நிமிடங்களில் சரியாயிற்று. கார்டை மாற்றுபவர்கள் பழைய முகவரியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

நோட்டில் மிக அதிகப் பக்கங்களை எடுத்துக்கொண்டது 2020இன் தொடக்க மாதங்கள். விண்டோஸ் 7க்கான ஆதரவு அவ்வாண்டு ஜனவரி 14 அன்று முடிவடைய இருந்ததால், டிசம்பரிலேயே விண்டோஸ் 10க்கு மாறியிருந்தேன். அதன் பிறகு காலையில் கணினியை இயக்கினால் இணையம் இருக்காது, ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடும். நாள் நடுவிலும், அரை மணி நேரம் கணினியைத் தொடாமல் விட்டால் தொடர்பு அறுந்துபோகும். மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்துவிட்டது. கடைகள் இல்லை, அலுவலக வேலை வீட்டுக்கு வந்துவிட்டது, மகளின் வகுப்புகளும் அதே கணினியில் நடந்தன. வகுப்பின் நடுவே தொடர்பு அறுந்து, அவள் கண் கலங்கி நின்ற நாள் ஒன்று உண்டு. அன்றிரவு இதை முடிக்காமல் உறங்குவதில்லை என்று உட்கார்ந்தேன்.

இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்ததுதான் அதுவரை நான் செய்த தவறு. காலையில் வந்த கோளாறுக்குக் காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல் உள்ள இந்த வசதி இயங்கும்போது, ஷட் டவுன் கொடுத்தாலும் இயங்குதளத்தின் உட்கரு முழுமையாக மூடப்படுவதில்லை. அதன் நிலை வன்தட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே மீட்டெடுக்கப்படுகிறது. ஆகவே டிரைவர் புதிதாகத் தொடங்குவதில்லை, முந்தைய நாளின் குழப்பத்தோடேயே எழுகிறது. ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வைக்கிறது. "அணைத்துவிட்டுப் போட்டேன், சரியாகவில்லை" என்று சொல்பவர்களிடம் ரீஸ்டார்ட் செய்தீர்களா என்று நான் இப்போது தனியாகக் கேட்பது இதனால்தான். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் அந்த ஒரு முறை முழுமையாக மூடும். அப்படி மூடிய மறுநாள் இணையம் தானே வந்தது, காரணமும் உறுதியாயிற்று. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று அந்த வசதியை நிறுத்தினேன். கணினி எழுவதற்குச் சில விநாடிகள் கூடின, அவ்வளவே.

அரை மணி நேரத்தில் தொடர்பு அறுந்ததற்குக் காரணம் வேறு. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பண்புகளுக்குள் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்கக் கணினி இச்சாதனத்தை அணைத்துக்கொள்ளலாம் என்ற தேர்வு இருக்கும். அந்தக் குறியை எடுத்தேன். அட்வான்ஸ்டு பகுதியில் இருந்த எனர்ஜி எஃபிஷியன்ட் ஈத்தர்நெட் என்பதையும் நிறுத்தினேன். போக்குவரத்து இல்லாத நேரத்தில் இணைப்பை உறங்க வைப்பது அதன் பணி, ஆனால் மறுமுனையில் உள்ள பழைய கருவி சரியாக விழிக்காவிட்டால் தொடர்பு விட்டுப்போகும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாமல், முதலாவதை மாற்றி இரண்டு நாள் பார்த்த பிறகே இரண்டாவதை மாற்றினேன். முதலாவதிலேயே பெரும்பகுதி குணம் தெரிந்தது. அதன் பிறகு அந்தக் கோளாறு வந்தது ஒரு முறைதான். பெரிய அப்டேட் ஒன்றுக்குப் பின் அந்தக் குறி தானாகத் திரும்ப வந்திருந்தது, நோட்டைப் புரட்டி இரண்டே நிமிடத்தில் சரிசெய்தேன்.

2021இல் ஃபைபர் இணைப்புக்கு மாறினோம். 150 எம்பிபிஎஸ் திட்டம். மகளின் கைபேசியில் முழு வேகம் வந்தது, கணினியில் மட்டும் 94ஐத் தாண்டவில்லை. கணினி பழையது, கார்டு இழுக்கவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். ஆனால் 94 என்ற எண் காரணத்தைத் தானே சொல்லிவிடுகிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில், தரவோடு சேர்த்து அனுப்பப்படும் முகவரி போன்ற உறைத்தகவல்கள் போக எஞ்சும் வேகம் ஏறக்குறைய அதுதான். இணைப்பு நிலையைத் திறந்தால், எதிர்பார்த்தபடியே 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 எம்பிபிஎஸ் என்று இருந்தது.

நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு இணைகள் போதும், கிகாபிட் எனப்படும் 1 ஜிபிபிஎஸ் வேகத்துக்கு நான்கும் வேண்டும். ஆகவே பழுப்பு அல்லது நீல இணையில் ஒரு கம்பி விட்டுப்போனால் இணையம் நிற்பதில்லை, சத்தமில்லாமல் வேகம் இறங்கிவிடுகிறது. எட்டு விளக்குகள் கொண்ட சிறிய கேபிள் சோதனைப் பெட்டியை நண்பரிடமிருந்து வாங்கி வந்து பார்த்தபோது ஏழாவது விளக்கு எரியவில்லை. வெள்ளை-பழுப்புக் கம்பி, முனைச் செருகியில் சரியாகக் கடிபடாமல் இருந்தது. முனையை வெட்டி மறுபடி அழுத்திக் கிரிம்ப் செய்ததும் வேகம் 140ஐத் தாண்டியது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான கேபிள்கள் இத்தகைய தொல்லைகளை மிகுதியாகத் தருகின்றன, ஏனெனில் அவை மடங்கும் இடத்தில் எளிதில் ஒடிந்துவிடும். முழுச் செம்புக் கேபிளுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை வீணாகாது.

இதற்கு முன்பே, வேகத்தை ஏற்றிவிடலாம் என்று எண்ணி, கார்டின் அமைப்பில் ஸ்பீடு அண்டு டூப்ளெக்ஸ் என்பதைத் தானியங்கியிலிருந்து 100 ஃபுல் டூப்ளெக்ஸுக்கு (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்யும் முறை) ஒருமுறை மாற்றிப் பார்த்திருந்தேன். யாரும் இதைச் செய்ய வேண்டாம். ஒரு முனை மட்டும் நிலையாக வைக்கப்பட்டு மறுமுனை தானியங்கியாக இருந்தால், மறுமுனைக்கு நம் விருப்பம் தெரியாது. அது ஹாஃப் டூப்ளெக்ஸ் (முறை வைத்து அனுப்பிப் பெறும் முறை) என்று எடுத்துக்கொள்ளும். ஒருவர் இடைவிடாமல் பேச, மற்றவர் முறை வைத்துப் பேசினால் நிகழும் மோதல்தான் அங்கும் நிகழ்கிறது. சிறு பக்கங்கள் திறக்கும், பெரிய கோப்புகள் தவழும்.

டிரைவரைப் பொறுத்தவரை ஒரு செய்தி மட்டும். விண்டோஸைப் புதிதாக நிறுவிய பின் கார்டு மஞ்சள் குறியோடு நின்றால், அதற்கான டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கோ அந்த டிரைவர் வேண்டும். 2017இல் இந்தச் சுழலில் ஒரு நாள் முழுக்கத் தவித்தேன். ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கை இயக்கினால், கைபேசியே ஒரு நெட்வொர்க் கார்டாகச் செயல்பட்டு வழி திறந்துவிடும்.

பலரும் தரும் இன்னொரு குறிப்பைத் திருத்தியாக வேண்டும். 127.0.0.1 என்ற முகவரிக்குச் சிறு சோதனைச் செய்தி அனுப்பி (பிங் செய்து) பதில் வந்தால் கார்டு நலம் என்கிறார்கள். அந்தப் பிங் கணினியின் மென்பொருளுக்குள்ளேயே சுற்றி வருகிறது, கார்டைத் தொடுவதே இல்லை. மின்னலில் கார்டு மாண்ட அன்றும் எனக்கு அந்தப் பதில் ஒழுங்காகவே வந்தது. பிங் செய்ய வேண்டியது ரவுட்டரின் முகவரிக்கு, பல வீடுகளில் அது 192.168.1.1. அங்கே பதில் வந்துவிட்டால் கார்டையும் கேபிளையும் விட்டுவிட்டு மேலே பார்க்கலாம். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காததால் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். எனக்கு அது வந்த மூன்று முறையும் ரவுட்டரை அணைத்து இயக்கியதே போதுமானதாக இருந்தது.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்தது. இந்தக் கணினியின் புராசசர் விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை என்பதால் லினக்ஸை நிறுவினேன். 2018இல் செருகிய அதே கார்டை அது முதல் தொடக்கத்திலேயே அடையாளம் கண்டுகொண்டது. இணைப்பு வேகம் 1000 என்று காட்டியதைப் பார்த்துவிட்டு, நோட்டில் தேதியை எழுதி, எதிரே "டிரைவர் தேவைப்படவில்லை" என்று குறித்துக்கொண்டேன்.