இன்னோ செட்அப்புடன் 13 ஆண்டுகள்: என் மேசையிலிருந்து கடைக் கல்லா வரை

ஈரோட்டைச் சுற்றியுள்ள ஹார்டுவேர் கடைகளுக்கும் மளிகை மொத்தக் கடைகளுக்கும் பில்லிங் மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். எழுதி முடித்ததைக் கடைக்காரரின் கணினியில் ஏற்றி ஓட வைக்க 2012 முதல் இன்னோ செட்அப் என்ற கருவியைத்தான் பயன்படுத்துகிறேன். நல்லதும் கெட்டதுமாக அதில் நான் கற்றதை, இப்போது முதல் மென்பொருளை முடித்துவிட்டு "இதை எப்படி அடுத்த கணினியில் போடுவது" என்று நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் விபி6 (விஷுவல் பேசிக் 6) காலத்தில், மென்பொருளைத் திறக்கும் எக்ஸ்இ ஃபைலை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போவேன். கடையில் திறந்தால், ஏதோ ஒரு ஓசிஎக்ஸ் துணை ஃபைல் பதிவாகவில்லை என்று சொல்லி நின்றுவிடும். என் கணினியில் விபி6 இருந்ததால் அந்த ஃபைல்களெல்லாம் அதோடு வந்து உட்கார்ந்திருந்தன. கடையில் அவை ஏது? நம் மென்பொருள் எதையெல்லாம் நம்பி ஓடுகிறது என்பது நம் கணினியில் ஒருநாளும் கண்ணுக்குத் தெரியாது.

இன்னோ செட்அப்பை ஜோர்டன் ரஸ்ஸல் 1997-இல் வெளியிட்டார். டெல்ஃபி என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது, மூல நிரலும் திறந்தே இருக்கிறது. எந்த ஃபைல் எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும், எங்கே ஷார்ட்கட் வைக்க வேண்டும், முடிந்ததும் எதை ஓட்ட வேண்டும் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி கம்பைல் கொடுத்தால், எல்லாவற்றையும் சுருக்கி ஒரே செட்அப் ஃபைலாகத் தந்துவிடும். அரை நாளில் பழகிவிட்டேன். எனக்கு வந்த தொல்லைகளில் முக்கால்வாசி, அந்த டெக்ஸ்ட் ஃபைலில் நான் யோசிக்காமல் எழுதிய வரிகளால் வந்தவை.

அதில் பெரியதைச் சொல்கிறேன். அப்போது பில்கள் சேரும் டேட்டாபேஸ் ஒரு எம்டிபி (மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்) ஃபைல். மென்பொருள் இருக்கும் ஃபோல்டரிலேயே, அதாவது புரோகிராம் ஃபைல்ஸுக்குள், அதையும் போட்டிருந்தேன். இரண்டு வருடம் ஒரு குறையும் வரவில்லை. 2014-இல் ஒரு ஹார்டுவேர் கடை அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, ஒரே நம்பர்ல ரெண்டு பில்லு இருக்குதுன்னு ஆடிட்டர் கேக்கறாருங்க."

"அப்படி வர வாய்ப்பே இல்லீங்களே அண்ணா. நாளைக்குக் காலைல வந்து பாத்தர்றேன்."

போய்ப் பார்த்தால் உண்மைதான். பகலில் அண்ணன் தன் விண்டோஸ் கணக்கில் பில் போடுவார். மாலையில் அவர் மகன் தன் கணக்கில் போடுவார். இருவருக்கும் தனித்தனி டேட்டாபேஸ் உருவாகியிருந்தது! விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, சாதாரண உரிமையோடு ஓடும் பழைய 32 பிட் மென்பொருள் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முயன்றால், விண்டோஸ் அதைத் தடுத்துப் பிழை காட்டாது. அந்த ஃபைலின் பிரதி ஒன்றை, அந்தப் பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் வைத்து, அதில் எழுத வைக்கும். மென்பொருளுக்கு எதுவும் தெரியாது. ஆளுக்கொரு பிரதி, இரண்டிலும் அதே வரிசையில் பில் எண்கள். இரண்டையும் சேர்த்து எண்களைச் சரிசெய்ய நான்கு நாள் அந்தக் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சரி என்று டேட்டாபேஸை எல்லாப் பயனருக்கும் பொதுவான புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்கு மாற்றினேன். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. அட்மின் (நிர்வாகி) உரிமையில் ஓடும் செட்அப் உருவாக்கிய ஃபைலில் சாதாரணப் பயனரால் எழுத முடியாது. இன்னோவில் அந்த ஃபோல்டருக்கு "பயனர்கள் மாற்றலாம்" என்று அனுமதி கொடுக்க ஒரு வரி இருக்கிறது. அதைச் சேர்த்ததும் சரியானது.

ஆனால் அடுத்த அப்டேட்டில் வந்ததுதான் பேரிடி. என் செட்அப்பில் ஒரு காலி டேட்டாபேஸ் எப்போதும் இருந்தது. புதுக் கடைக்கு வேண்டுமே என்று வைத்தது. எம்டிபி போன்ற, பதிப்பு எண் இல்லாத ஃபைல் ஏற்கெனவே அங்கே இருந்தால், வேறு எதுவும் சொல்லாதவரை இன்னோ அதன் மேலேயே எழுதிவிடும். முன்பும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அப்போது உண்மையான கணக்கு விர்ச்சுவல்ஸ்டோரில் இருந்ததால் தப்பித்தது. நான் இடத்தைச் சரியாக மாற்றியதால், காலி டேட்டாபேஸ் நேராகக் கடையின் கணக்கு மேல் போய் விழுந்தது. முந்தைய இரவு எடுத்த பேக்கப் பென் டிரைவில் இருந்தது. அன்று காலை போட்ட பில்களை மட்டும் அடிக்கட்டையைப் பார்த்து, நானும் கடைப் பையனும் திரும்ப ஏற்றினோம். அந்தப் பேக்கப் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்கும்.

இதற்கு வேண்டிய இரண்டு குறிகளும் இன்னோவிலேயே இருந்தன: ஏற்கெனவே இருந்தால் தொடாதே, அன்இன்ஸ்டாலிலும் அழிக்காதே. இப்போது செட்அப் எழுதும்போது ஒவ்வொரு ஃபைலுக்கும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இது என்னுடையதா, கடைக்காரருடையதா? எக்ஸ்இ, அதற்கு உதவும் டிஎல்எல் ஃபைல்கள் என்னுடையவை, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். டேட்டாபேஸ், பிரிண்டர் அமைப்பு, கடையின் லோகோ எல்லாம் அவருடையவை. அவற்றின் மேல் என் செட்அப் கை வைக்கக் கூடாது. டேட்டாபேஸில் புது நெடுவரிசை சேர்ப்பது போன்ற வேலைகளையும் செட்அப்பில் செய்வதை விட்டுவிட்டேன். மென்பொருள் முதல் முறை திறக்கும்போது, ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, அதுவே செய்துகொள்ளும்.

ஆப்ஐடி என்று ஒரு வரி உண்டு. இன்னோ ஒரு மென்பொருளை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். ஒருமுறை புதுப் பதிப்புக்கு கேள்வி கேட்டு ஸ்கிரிப்ட் எழுதித் தரும் இன்னோவின் விசார்டைக் கொண்டு புது ஸ்கிரிப்ட் உருவாக்கினேன். அது புது ஆப்ஐடி போட்டுவிட்டது. கணினியில் ஒரே மென்பொருள் இரண்டாகத் தெரிந்தது. பழையது எதற்கு என்று ஒரு கடையில் அன்இன்ஸ்டால் செய்ய, ஒரே ஃபோல்டரில் இருந்த புதியதும் சேர்ந்து போனது. ஆப்ஐடியை முதல் நாள் முடிவு செய்யுங்கள், அப்புறம் தொடவே வேண்டாம்.

தமிழில் பில் அடிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். என் பில் வடிவம் லதா எழுத்துருவை வைத்து அமைந்தது. விண்டோஸ் 10-இல் லதா தானாக வருவதில்லை, கூடுதல் எழுத்துருவாகத் தனியே சேர்க்க வேண்டும். இல்லாத கணினியில் நிர்மலா எழுத்துரு வந்து நிற்கும். தமிழ் ஒழுங்காகத்தான் தெரியும், ஆனால் எழுத்தின் அகலம் வேறு. மூன்று அங்குல ரோலில் தொகையின் கடைசி இலக்கம் வெட்டுப்பட்டது. லதாவை நாமாகச் செட்அப்பில் வைத்துக் கொடுக்க உரிமை இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழுக்கு அந்த உரிமை இருக்கிறது. எழுத்துருவையும் இன்னோவே பதிந்துவிடும். தேதி அமைப்பும் இதே ரகம்தான். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் 03/04 என்பது ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்று மாறிப்போகும். அதைச் செட்அப்பில் சரிசெய்ய முடியாது, நிரலில்தான் பார்க்க வேண்டும்.

2019-இல் எல்லாவற்றையும் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 4.8 தளத்துக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸுக்கும் மாற்றினேன். அந்த ஆண்டு மே மாத அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10-இலேயே 4.8 இருப்பதால் செட்அப் சிறியதாகவே நிற்கிறது. புதிய டாட்நெட்டில் எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக் கட்டவும் முடியும். யாரையும் நம்பாமல் ஓடும், ஆனால் அளவு பல மடங்கு கூடும். கடையின் இணைய வேகத்தைப் பார்த்து நான் பழையதிலேயே இருக்கிறேன்.

இணையத்தில் இறக்கிய செட்அப்பைத் திறந்தால், இன்னார் எழுதியது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாவிட்டால், விண்டோஸ் நீலப் பெட்டி காட்டி எச்சரிக்கும். பென் டிரைவில் கொண்டுபோனால் பெரும்பாலும் காட்டாது. இணையத்திலிருந்து வந்தது என்று இறக்கிய ஃபைலோடு ஒட்டிவரும் குறிப்பு, எஃப்ஏடி32 வடிவில் உள்ள பென் டிரைவுக்குப் போகும்போது உதிர்ந்துவிடுவதுதான் காரணம். கையொப்பச் சான்றிதழ் விலை அதிகம், 2023 ஜூனிலிருந்து அதன் சாவியை டோக்கன் போன்ற வன்பொருளில் வைத்தாக வேண்டும். கடைகள் பெருகியபின் வாங்கினேன். பத்துக் கடைக்குள் என்றால் நேரில் போவதே மேல்.

சோதிக்க, விண்டோஸ் புரோவில் உள்ள சேண்ட்பாக்ஸ் அருமையான வசதி. ஒவ்வொரு முறையும் எதுவுமே ஏற்றாத புத்தம் புது விண்டோஸாகத் திறக்கும். எஸ்க்யூலைட்டின் ஒரு டிஎல்எல் துணை ஃபோல்டருக்குள் இருப்பதையும், செட்அப்பில் நான் துணை ஃபோல்டர்களைச் சேர்க்காமல் விட்டதையும் அதில்தான் கண்டுபிடித்தேன். அதோடு லாக் எழுதும் வரியையும் ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள். எந்த ஃபைல் எங்கே போனது, எதை விட்டது என்று வரிக்கு வரி இருக்கும்.

குறை என்றால் இரண்டு. விண்டோஸின் சொந்த இன்ஸ்டாலர் வடிவமான எம்எஸ்ஐ-ஆகத் தராது. நெட்வொர்க் நிர்வாகி ஒரே இடத்திலிருந்து நூறு கணினிக்கு அனுப்பும் பெரிய அலுவலகங்களில் எம்எஸ்ஐ கேட்பார்கள், அங்கே விக்ஸ் போன்ற வேறு கருவிக்குத்தான் போக வேண்டும். அடுத்து, தானே அப்டேட் செய்துகொள்ளும் வசதி இல்லை. நானே எழுதிச் சேர்த்தேன். அப்போதும் எல்லாப் பயனருக்குமாக இன்ஸ்டால் செய்திருந்தால் அட்மின் அனுமதி கேட்கும். கல்லாவில் இருக்கும் பையனிடம் அந்தக் கடவுச்சொல் இருக்காது.

2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது ஜூன் கடைசி வாரம் முழுக்கப் பென் டிரைவோடு கடை கடையாக அலைந்தேன். கடைசிக் கடையை முடித்தபோது ஜூலை 3. 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி புது விகிதங்களை அறிவித்தார்கள், 22-ஆம் தேதி முதல் அமல். ஹார்டுவேர் கடைகளுக்கு முக்கியமான சிமென்ட் 28-இலிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கியது. பழைய பில்லுக்குச் சரக்கு திரும்பி வந்தால் பழைய விகிதமே போக வேண்டும் என்பதால் நிரலிலும் மாற்றம் இருந்தது. 18-ஆம் தேதி இரவு அப்டேட்டை இணையத்தில் ஏற்றினேன். 21, ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் இரண்டு கடையைத் தவிர எல்லோரிடமும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒன்றில் கடவுச்சொல் தெரிந்த மகன் வெளியூரில் இருந்தார், போனில் வாங்கிப் போட்டோம். இன்னொன்றில் இன்னும் விண்டோஸ் 7. திங்கட்கிழமை கடை திறக்கும் முன்பே பென் டிரைவோடு அங்கே நின்றேன்.