தி லோங் டார்க்: பெரியப்பா சொன்னபடி விளையாடிப் பாத்தன்

முதல்தரம் நான் செத்தது ஒரு முயலுக்குப் பின்னால ஓடி. மூண்டு கல் எறிஞ்சன், மூண்டும் பிசகிப்போச்சு. நாலாவது பட்டு அது மயங்கி விழேக்க பொழுது சாய்ஞ்சிட்டுது. தீக்குச்சி கையில இருந்தது, விறகு இல்லை. விடியிறதுக்குள்ள விறைச்சுச் செத்திட்டன், முயல் பைக்குள்ள கிடக்க. சாய்மனைக் கதிரையில இருந்து பாத்துக்கொண்டிருந்த பெரியப்பா, "முயல் நாளைக்கும் அங்கதான் நிக்கும். இருட்டு நிண்டு பாக்குமோ?" எண்டார்.

"தி லோங் டார்க்" எண்ட கணினி விளையாட்டைத்தான் சொல்லுறன். கனடாவில இருக்கிற ஹின்டர்லாண்ட் ஸ்டூடியோ செய்தது. 2014இல அரைகுறையா விற்பனைக்கு வந்து, 2017 ஓகஸ்டில முழுசா வெளிவந்தது. புதுசில்லைத்தான். என்ர லப்டொப்பும் புதுசில்லை, அதில ஓடுது. ஸ்டீம் எண்ட இணையக் கடையில தள்ளுபடி போட்ட நேரம் வாங்கினன். கதை சின்னன்: வட கனடாவில ஒரு கற்பனைத் தீவு. காந்தப் புயல் ஒண்டு வந்து மின்சாரம், வாகனம் எல்லாம் செத்துப்போச்சு. சொம்பி இல்லை, பேய் இல்லை. குளிர், களைப்பு, தாகம், பசி எண்டு நாலு அளவு திரையில குறைஞ்சுகொண்டு போகும். செத்தால் வழக்கமா சேமிச்சு வைச்சதும் சேர்ந்து அழிஞ்சிடும். பிறகு முதல்ல இருந்துதான்.

இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தப் போக, "கரண்ட் இல்லாத ஊரைக் காசு குடுத்து வாங்கினியோ?" எண்டு கேட்டா. எங்கட பக்கம் லைன் கரண்ட் வந்ததே சண்டை முடிஞ்சாப்பிறகு. ஜாம் போத்தல் விளக்கில எங்களைப் படிப்பிச்ச மனிசி. கேட்டதில பிழையில்லை.

பெரியப்பா ஒட்டுசுட்டான் காட்டில தேன் எடுத்துத் திரிஞ்ச ஆள். இங்கிலீசு தெரியாது, பனி கண்ணால கண்டதில்லை. ஆனா அவர் சொன்னதைக் கேக்கத் தொடங்கினாப்பிறகுதான் நான் ஒரு கிழமை தாண்டினன். இணையத்தில கிடக்கிற வழிகாட்டியள் எந்த வீட்டில துவக்கு, எந்தப் பெட்டியில கத்தி எண்டுதான் சொல்லுது. முதல் அஞ்சு நாளுக்கு ஒரு துவக்கும் தேவையில்லை. விறகுதான் தேவை.

காட்டில சுள்ளியைத் தேடப் போறதில்லை, போற வழியில பொறுக்கிறது. இது அவற்ற சட்டம். விளையாட்டிலயும் அப்பிடித்தான். ஒரு சுள்ளி ஏழெட்டு நிமிசம் எரியும், அவ்வளவுதான். நிமிசம் எண்டது ஆட்டத்துக்குள்ள ஓடுற நேரம். சீடர் மரக் கொள்ளி ஒரு மணித்தியாலம், ஃபர் மரக் கொள்ளி ஒண்டரை. "அப்ப ஃபர் எங்கட முதிரை மாதிரி" எண்டு பெரியப்பா முடிவுகட்டிப் போட்டார். நிலக்கரி ஆம்பிட்டால் விடாதேங்கோ, ஆனா நெருப்பு நல்லாப் பிடிச்சாப்பிறகுதான் அதைப் போடலாம். தொடக்கத்தில தீ மூட்ட எங்கட கொக்கரை, பன்னாடை மாதிரி ஏதாவது வேணும்: பழைய பேப்பர், பேர்ச் மரப்பட்டை. மூட்டி மூட்டிக் கைப்பழக்கம் மூண்டாம் படிக்கு வந்தால் அதுவும் தேவைப்படாது.

கொஞ்சம் பிந்தித்தான் விளங்கின விசயம் ஒண்டு. எரியிற நெருப்பில இருந்து ஒரு பந்தத்தை உருவி எடுத்துக்கொண்டு போய், அடுத்த இடத்தில அதாலயே மூட்டலாம். தீக்குச்சி மிச்சம். போற வழியில ஓநாய் வந்தால் நீட்டிப் பிடிக்கவும் உதவும். காத்து அடிச்சால் அணைஞ்சு போகும், அதால தூரப் பயணத்துக்கு நம்பேலாது. நெருப்பு மூட்டினால் ஒரு வேலைக்கெண்டு மூட்டாதேங்கோ. பனியை உருக்கு, உருகினதைக் கொதிக்க வை, பக்கத்தில இறைச்சியை வாட்டு, நனைஞ்ச சப்பாத்தைக் கழட்டிக் கிட்ட வை. உருகின உடனே எடுத்துக் குடிச்சால் வயித்தைப் பிடிக்கும். ரெண்டாந்தரம் நான் செத்தது அப்பிடி.

திரும்புற நேரம்தான் மற்றது. "உன்ர நிழல் உன்ர உயரத்துக்கு வந்தால் திரும்பு" எண்டு பெரியப்பா சின்னனில எங்களுக்குச் சொல்லித் தந்தவர். பாலைப்பழம் பிடுங்கப் போகேக்க அது மூண்டு மணி சொச்சம், சரியா இருக்கும். அதை இங்க பாவிக்கலாம் எண்டு நினைச்சன். கனடாவில இருக்கிற மச்சான் சிரிச்சான்: மாரியில வட கனடாச் சூரியன் உச்சிக்கே வராதாம், மத்தியானமே நிழல் ஆளை விட நீட்டாம். அதால நிழலை விட்டிட்டு, திரையில வாற சூரியப் படம் நடுவுக்கு வந்தால் வீட்டுப் பக்கம் திரும்புறன். வழி தவறினால் அணைஞ்ச நெருப்பில இருந்து கரிக்கட்டை எடுத்துச் சுத்துவட்டாரத்தைக் கீறிப் படமாக்கலாம். பெரியப்பா கொப்பு முறிச்சு அடையாளம் வைச்ச வேலை.

சாப்பாடு முதல் நாலு நாள் பெரிய பிரச்சினையே இல்லை. ஏரிக்கரையில எங்கட குளத்துச் சம்பு மாதிரி ஒரு புல் நிக்கும், அதின்ர தண்டு ஒண்டு 150 கலோரி, பழுதாகாது, பூவைப் போட்டு நெருப்பும் மூட்டலாம். கண்டதெல்லாம் பிடுங்குங்கோ. முயல் பிறகு. பச்சை இறைச்சியைப் பையில தூக்கிக்கொண்டு திரிஞ்சால் மணம் பிடிச்சு ஓநாய் வரும். 30 கிலோவுக்கு மேல தூக்கிக்கொண்டு சரிவில இறங்கினால் கால் சுளுக்கும். எல்லாத்தையும் அள்ளுறதுதான் புது ஆக்கள் விடுற பெரிய பிழை.

கரடி விசயத்தில மட்டும் பெரியப்பாவும் விளையாட்டும் ஒத்துவரேல்லை. எங்கட காட்டில ஆனையை விடக் கரடிக்குத்தான் பயம். திடீரெண்டு முட்டுப்பட்டால் முகத்தைக் கிழிச்சுப் போடும். அதால செருமிக்கொண்டு, சத்தம் வைச்சுக்கொண்டு போகச் சொல்லுவார். இங்க அப்பிடிச் செய்து பாக்க வழியில்லை. கண்டால் குனிஞ்சு, பெரிய வட்டம் சுத்திப் போறதுதான். "கரடிக்கு ஆள் வாறது தெரியவேண்டாமோ?" எண்டு அவருக்கு இன்னும் கோவம்.

குறையளும் இருக்கு. ஓநாய் கூடிப்போச்சு, ஆத்துக்கு ஆறு, மேட்டுக்கு மேடு நிக்குது. தமிழ் இல்லை, எழுத்தும் சின்னன். பெரிய குறை சேமிக்கிற முறை: நித்திரை கொண்டால், ஒரு வீட்டுக்குள்ள போனால் வந்தால், காயப்பட்டால்தான் ஆட்டம் சேமிக்கப்படும். 2022இல 13 மணித்தியாலம் கரண்ட் நிண்ட நாளையளில, பட்டரி இறங்கி ஒரு முழு மான் வேட்டை போச்சு. அதுக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திட்டுது: எந்தக் குடிலைக் கண்டாலும் உள்ளுக்குப் போய் வெளிய வாறது. கதை வடிவில ஒரு ஆட்டமும் இருக்கு, வின்டர்மியூட் எண்டு. ரெண்டு அத்தியாயத்தோட விட்டிட்டன். ஒருத்தர் சொல்லுற வேலையைச் செய்து திரியிறதெண்டால் எனக்குப் பகலிலயே அது இருக்கு.

வாங்கினால் முதல்ல பில்கிரிம் எண்ட நிலையில தொடங்குங்கோ, அதில மிருகம் உங்களைத் தேடி வராது. இடம் மிஸ்ரறி லேக். அங்க ஏரிக்கரையில காம்ப் ஒபிஸ் எண்டு ஒரு மரவீடு இருக்கு, அடுப்போட. அதை வீடாக்கி ஒரு கிழமை சுத்திப் பழகிப்போட்டு வொயேஜர் எண்ட அடுத்த நிலைக்கு ஏறுங்கோ. இன்டர்லோப்பர் எண்ட கடும் நிலைப் பக்கம் போகாதேங்கோ. துவக்கே கிடையாது, கத்தியையும் நீங்களே உலையில அடிக்கவேணும். அவசரப்படுற ஆக்களுக்கு இந்தச் சாமானே சரிவராது. அரை மணித்தியாலம் விறகு பொறுக்குறது அலுப்பெண்டால் காசைப் பிடிச்சு வைச்சிருங்கோ.

நான் இப்ப வொயேஜரில 43ஆம் நாள். தீக்குச்சி ஒன்பது, ஃபர் கொள்ளி ஆறு, வெளியில பனிப்புயல். காலமை தேத்தண்ணியோட பெரியப்பா வந்து முதல் கேக்கிறது, "அவன் கிடக்கிறானோ?" எண்டுதான்.