ஆற்றங்கரைச் சவாரிக்கு எது நல்லது: கியர் சைக்கிளா, சாதா சைக்கிளா?

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். அங்கிருந்து காவிரிக் கரையோடு மேற்கே திரும்பினால் திருக்காட்டுப்பள்ளி, அதற்கும் மேலே கல்லணை. வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்து, தண்ணீர் இங்கே வந்து சேர்ந்த பிறகு, விடியற்காலையில் இந்தப் பக்கம் சைக்கிள் மிதிப்பதைப் போலச் செலவில்லாத சந்தோஷம் வேறு எனக்குத் தெரியாது.

இதற்கு எந்த சைக்கிள் வாங்கலாம்? என்னிடம் இரண்டும் இருக்கின்றன. கடையில் புதிதாக வாங்கிய கியர் சைக்கிள் ஒன்று. பழையதாகக் கைமாறி வந்த சாதா சைக்கிள், அதாவது 28 அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் கொண்ட நம் அப்பா காலத்து வண்டி, இன்னொன்று. கிராமத்துப் பக்கம் போக நான் எடுப்பது சாதா சைக்கிளைத்தான்.

கியர் சைக்கிளின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. எடை குறைவு, வேகம் அதிகம், எதிர்க்காற்றில் கியரைக் குறைத்துக்கொள்ளலாம், பிரேக் நன்றாகப் பிடிக்கும். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் போக நினைப்பவர் யோசிக்காமல் அதையே வாங்கலாம்.

ஆனால் ஆற்றங்கரையில் வேகத்துக்கு என்ன வேலை? அங்கே எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: வண்டி கெட்டால் அந்த இடத்திலேயே சரிசெய்ய முடியுமா?

சாதா சைக்கிளில் பஞ்சர் ஆனால், அடுத்த ஊர் வரை தள்ளிக்கொண்டு போனால் போதும். டீக்கடையை ஒட்டி ஒரு கீற்றுக்கொட்டகை, வாசலில் தொங்கும் பழைய டயர், அதுதான் சைக்கிள் கடை. சக்கரத்தைக் கழற்றக்கூட மாட்டார்கள். டியூபை மட்டும் வெளியே இழுத்து, தண்ணீர்ச் சட்டியில் முக்கி, குமிழி வருகிற இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து, துடைத்து, அரத்தால் ராவி, சொல்யூஷன் தடவி ஊதிக் காயவைத்து ஒட்டுவார்கள். நாம் டீ குடித்து முடிப்பதற்குள் வண்டி தயார். பிரேக் கட்டை, செயின், பிரீவீல், வால்டியூப் எல்லாமே அங்கேயே கிடைக்கும். ரிம் கோணினால் கோட்டம் எடுத்தும் தருவார்கள்.

இந்தக் கடைகள் இன்னும் பிழைத்திருப்பதற்கு அரசின் விலையில்லா சைக்கிள் திட்டமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கு வருடா வருடம் சைக்கிள் வருகிறது. எல்லாம் கியர் இல்லாத வண்டிகள். அவற்றுக்குப் பஞ்சர் ஒட்டவும் செயின் போடவும் ஊரில் ஆள் வேண்டுமே.

கியர் சைக்கிளுக்கு இந்த வசதி இல்லை. பஞ்சர் ஒட்டிவிடலாம், டியூபே கிழிந்துவிட்டால் அந்த அளவு அங்கே இருக்காது. பின்பக்கம் கியரை மாற்றும் கம்பிக்கை வளைந்தால் ஊர்க்கடையில் தொடவே தயங்குவார்கள். தஞ்சாவூருக்குத்தான் வர வேண்டும், பெரும்பாலும் மினி லாரியில் ஏற்றி. வாய்க்கால் கரைச் சேறு கியர்ப் பற்களில் அப்பினால் பிரஷ் வைத்துத் தேய்க்கவே அரை மணி நேரம் ஆகிறது. சாதா சைக்கிளில் செயினை மூடிய கவர் அந்த வேலையை மிச்சப்படுத்துகிறது.

ஸ்டாண்டையும் சொல்ல வேண்டும். கியர் சைக்கிளின் ஒற்றைக்கால் ஸ்டாண்டு ஈரக் கரையில் புதைந்து வண்டியைச் சாய்த்துவிடும். சாதா சைக்கிளின் இரட்டை ஸ்டாண்டை இழுத்துப் போட்டால் அசையாது. மதகு ஓரம் நிறுத்திவிட்டு கேரியரில் உட்கார்ந்து, நீர்க்காகம் முங்கி எழுவதை வேண்டியமட்டும் பார்க்கலாம்.

சாதா சைக்கிளில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நல்ல கனம். மாடியில் குடியிருப்பவர் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் கம்பி பிரேக் சரியாகப் பிடிக்காது. பாலத்து இறக்கத்தில் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தாக வேண்டும். மேட்டுப்பாங்கான ஊர்களில் எது தேவலாம் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. நான் ஓட்டியதெல்லாம் டெல்டாவின் சமதரையில்தான். ஏலகிரி, கொல்லிமலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கியர் இல்லாமல் கஷ்டம் என்றே தோன்றுகிறது.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். பெடல் மாட்டியிருக்கும் கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ரிம் பிரேக் கட்டையில் உரசுகிறதா என்று பாருங்கள். ஸ்போக் துளைகளைச் சுற்றித் துரு அரித்திருந்தால் அந்த ரிம்மை மாற்றித்தான் ஆக வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள். அப்புறம் சீட்டு. ஸ்பிரிங் வைத்த அகலமான சீட்டு நல்ல நிலையில் இருந்தால் அதை மாற்றவே மாற்றாதீர்கள்.